கூலருக்கு அடியில்

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டால் குணசீலன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார் என்று எட்டு மாதமாக நம்பிக்கொண்டிருந்தேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் எங்கள் சண்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, எல்லாமே அந்தப் பெட்டி சூடாகி அணைந்த நாள்களில்தான் நடந்திருந்தன. எனக்கு அது ஒரு கணக்குப்போலத் தெளிவாகத் தெரிந்தது.

என் கணவர் ஜவ்வாது மலையில் கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் வீடியோ எடுப்பவர். எடுத்ததை வெட்டி ஒட்டித் தருவதற்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன் சென்னைக்குப் போய்ப் பாகம் பாகமாக வாங்கி வந்தார். போனில் பார்த்துப் பார்த்து, பாய் விரித்து உட்கார்ந்து, இரண்டு நாள் மாட்டினார். நான் டார்ச் பிடித்தேன். இது மதர்போர்டு, இது பிராசசர், இதுதான் யோசிக்கும், யோசித்தால் சூடாகும், அந்தச் சூட்டை மேலே இழுக்கத்தான் இந்தக் கூலர் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னிடம் அதிகம் பேசியது அந்த இரண்டு நாள்தான்.

முதல் கல்யாண வீடியோவிலேயே பெட்டி அணைந்தது. மார்கழி மாதம். குடத்துத் தண்ணீர் பல்லைக் கூச வைக்கிற குளிர். பக்கத்து வீட்டு முத்தம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஊரே போத்திக்கினு கெடக்குது, உங்க வூட்டுப் பொட்டிக்கு மட்டும் இன்னா காய்ச்சல்? ஒரு கசாயம் வெச்சு ஊத்து" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஃபேனில் சாமை உமி படிந்திருந்தது. அச்சில் என் தலைமுடி ஒன்று சுற்றியிருந்தது. அதை ஸ்க்ரூ டிரைவர் முனையில் எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

மறுநாள் உரலை மாட்டுக் கொட்டகைக்கு நகர்த்தினேன். அப்புறம் அடுப்பைப் பின்பக்கச் சார்ப்புக்கு. மழை நாளில் ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு குழம்பு கொதிக்க வைத்தேன். தலை வாருவதற்குப் புளிய மரத்தடிக்குப் போனேன். அப்படியும் பெட்டி சூடானது. அணையும் ஒவ்வொரு முறையும் அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் அன்று காலையிலிருந்து செய்ததையெல்லாம் மனதுக்குள் தேடுவேன். எங்கே புடைத்தேன், எதை உதறினேன், புடவையில் எதை ஒட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். எப்போதும் ஏதோ ஒன்று கிடைத்துவிடும்.

சித்திரையில் அவர் திருவண்ணாமலையில் ஒரு ஸ்டுடியோவுக்கு வேலைக்குப் போனார். ஒரு மாதம் என்றார். இரண்டு முறை வந்தார், பிறகு வரவில்லை. போன் செய்தால் வேலை இருக்கிறது என்பார்.

இப்போது தை பிறக்கப்போகிறது. மலையில் வரிசையாகக் கல்யாணம். பெட்டி ஓடினால் அவர் இங்கிருந்தே வேலை செய்யலாம். புளி விற்கச் செங்கத்துக்குப் போனபோது கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ரஞ்சிதத்தின் கடைக்குள் நுழைந்து விஷயத்தைச் சொன்னேன். என்னைவிடச் சின்னவள். அந்த வளைவுகளில் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தால் இருக்கிறதும் கழன்றுவிடும், நான் வீடியோ காலில் பார்த்துச் சொல்கிறேன், நீங்களே செய்யுங்கள் என்றாள். கூலருக்கும் பிராசசருக்கும் நடுவில் சூட்டைக் கடத்துவதற்காக வைக்கிற பேஸ்ட்டை அடுத்த வாரம் மலைக்கு வரும் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல் நிற்கும் என்பதால் பெட்டியை அங்கே இழுத்துப் போட்டு, போனைச் சாமை மூட்டையில் சாய்த்து வைத்தேன். ரஞ்சிதம் முதலில் ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொன்னாள். சுற்றியது. பிரஷ்ஷால் தூசி தட்டச் சொன்னாள். தட்ட ஒன்றுமில்லை, எட்டு மாதமாகத் தினமும் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு, பெட்டி முழுதாக ஓடத் தொடங்குவதற்கு முன் வருகிற நீலத் திரையில் சூட்டின் அளவைப் படிக்கச் சொன்னாள். தொண்ணூற்றொன்று. எந்த வேலையும் கொடுக்காமலேயே.

"இது தூசி இல்லக்கா. தூசின்னா இவ்ளோ ஏறாது. கூலரைக் கழட்டுங்க."

தூசி இல்லை என்று அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். மின்சாரத்தை நிறுத்தி, நான்கு திருகாணிகளையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினேன். நேராக இழுக்காமல் லேசாகத் திருப்பி எடுக்கச் சொன்னாள். எடுத்துத் தலைகீழாக்கினேன். அடியில் காய்ந்த சுண்ணாம்புபோலச் சாம்பல் நிறத்தில் பேஸ்ட். அதற்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவில் கண்ணாடிபோல ஒரு தாள். ஓரத்தில் சிவப்பு எழுத்துகள். போனருகே காட்டினேன்.

ரஞ்சிதம் சிரித்தாள். "ஐயோ அக்கா, பிளாஸ்டிக்கை உரிக்காமயே மாட்டிக்கீறாரு. சூடு எப்பிடி மேல ஏறும்? மாட்டுறதுக்கு முன்னாடி உரிச்சுடுன்னு அதுலயே எழுதிக்கீது பாருங்க."

குணசீலன் எந்தப் புதுப்பொருளின் மேலிருக்கும் தாளையும் உரிக்க மாட்டார். எங்கள் ஊரில் பலரும் அப்படித்தான். கீழிருந்து பஸ் கூரையில் ஏறி வந்த பொருள், தாள் இருக்கிறவரை புதிது. எங்கள் பீரோக் கண்ணாடியிலும், பைக் டேங்கிலும், ஃபிரிட்ஜ் கதவிலும் இன்னும் தாள் இருக்கிறது, ஓரம் கறுத்து. ஒருமுறை ஃபிரிட்ஜில் ஒரு மூலையை நான் உரித்துவிட்டு ஒரு நாள் முழுக்க அவர் பேச்சை இழந்தேன். ஆனால் கூலரின் அடிப்பாகத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? அங்கேயும் புதிதாகவே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். நான்தான் டார்ச் பிடித்தேன்.

தாளை உரித்தேன். முதலில் வந்தது சந்தோஷம். நான் இல்லை. உமி இல்லை, முடி இல்லை, புகை இல்லை. அழுகை வந்துவிட்டது. ரஞ்சிதம் என்னக்கா என்றாள், பேஸ்ட் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

அடுத்த நிமிடமே பயம். இது தெரிந்தால் அவர் எப்படித் தாங்குவார்? இத்தனை நாள் என்னைப் பார்த்த பார்வையையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ள அவருக்குத் தெரியாது. வெட்கப்பட்டால் வரவே மாட்டார். அதனால் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். உமிதான் என்று சொல்லிவிடலாம். அந்தப் பழி எனக்குப் பழகியது. இன்னும் ஒருமுறை சுமப்பதில் என்ன கூடிவிடப்போகிறது. அப்படி நினைத்தபோது எனக்கு என்மேல் வருத்தம் வரவில்லை, ஒருவிதப் பெருமைகூட வந்தது. அதை இப்போது நினைத்தால் கூசுகிறது.

பழைய பேஸ்ட்டைத் துடைத்து, புதியதைப் பச்சைப்பயறு அளவு வைத்து, கூலரைத் திரும்ப மாட்டி, பெட்டியைப் போட்டு நீலத் திரையைப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. அவர் பாதியில் விட்ட கல்யாண வீடியோ ஒன்றை ஓடவிட்டு, சூட்டைக் காட்டும் கட்டத்தை ஓரத்தில் திறந்து வைக்கச் சொன்னாள் ரஞ்சிதம். ஐம்பத்தெட்டில் நின்றது. பிழைத்தது அக்கா என்று சொல்லிப் போனை வைத்தாள்.

உடனே அவரை அழைத்தேன். பின்னால் நாதஸ்வரம் கேட்டது, யாருடைய கல்யாணமோ திரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"சரியாயிடுச்சுங்க" என்றேன்.

"எது?"

"பொட்டிங்க. இப்ப சூடே ஆவறதில்ல."

"ஓ."

"உமிதாங்க. நீங்க சொன்னதுதான். உள்ள அடைச்சுக்கினு இருந்துது. எல்லாத்தையும் எடுத்துட்டேன். இனிமே வூட்டுக்குள்ள..."

நாதஸ்வரம் நின்றது. அவர்தான் நிறுத்தியிருப்பார்.

"தேவயானி, நான் உமிக்காவா போனேன்?"

குரலில் கோபம் இல்லை. அவர் என்னிடம் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை.

"எதையாவது சொல்லணுமேன்னு அதைச் சொன்னேன். வேற இன்னா சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

வேறு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். யாரும் இல்லை என்றார். அது பொய் இல்லை என்று தெரிந்தது. இருந்திருந்தால் அவளை வெறுத்துக்கொண்டாவது இருந்திருப்பேன். அங்கே இருக்க முடியவில்லை, அவ்வளவுதான், உன்மேல் தப்பு எதுவும் இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இரண்டு வருடம் காத்திருந்தேன். அது இப்படி வந்து சேரும் என்று நினைத்ததில்லை.

பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடு என்றார். சரிங்க என்றேன்.

தாளைப் பற்றி நான் சொல்லவேயில்லை. மறைப்பதற்கும் இனி அதில் ஒன்றும் இல்லை.

திரையில் வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் மாலை மாற்றினார்கள். ஓரத்தில் ஐம்பத்தெட்டு. நான் இன்னொரு கல்யாணத்தையும் சேர்த்து ஓடவிட்டேன். அதன்மேல் ஒரு காதுகுத்தையும். ஏறிவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்தொன்பது வந்தது. திரும்ப ஐம்பத்தெட்டு. மதியம்வரை பார்த்தேன், அறுபதைத் தொடவில்லை.