இஸ்திரி

பச்சை குத்தும் பூலோகத்துக்கு அந்தத் தொழிலை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போனில் வீடியோ பார்த்து, தன் தொடையிலேயே குத்திப் பழகினான். மும்பை தாராவியில் ஒரு மாடியறையில் கடை போட்டுப் பதினோரு வருடம் சிங்கம், சிவன், காதலி பெயர், காதலி போன பின் அந்தப் பெயரை மறைக்க ஒரு ரோஜா என்று குத்தித் தள்ளினான். எல்லாம் அடுத்தவர் கேட்ட படம். தனக்கென்று ஒன்று வரைய வேண்டும் என்ற வெறியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கேன்வாஸ் வாங்கி உட்கார்ந்தான். வந்ததெல்லாம் வாடிக்கையாளர்களின் உடம்புதான்: கழுத்து, முழங்கை, முதுகு.

மாட்டுங்காவில் ஒரு சிறிய ஹாலில் ஓவியக் கண்காட்சி நடத்தும் வேங்கடசுப்ரமணியன் அவற்றில் பன்னிரண்டை எடுத்து ஒரு வாரத்துக்கு மாட்டினார். நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு பெண்ணின் முதுகு. தோள்பட்டைக்குக் கீழே இஸ்திரிப் பெட்டியின் கூர்முனை அப்படியே பதிந்த தழும்பு. படத்துக்குப் பூலோகம் வைத்த பெயர் ‘இஸ்திரி’. பெண் என்றும் பொருள் வருகிறதே என்று அவனுக்கு உள்ளூரப் பெருமை.

இரண்டாம் நாள் ஹரிதா வந்து நின்றாள். செம்பூரில் வங்கி வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தத் தழும்பின் மேல் கொன்றைப் பூங்கொத்து குத்திக்கொண்டு போனவள். நான்கு மணி நேரம் குப்புறப் படுத்திருந்தபோது, அது, தான் விட்டுவந்த கணவன் செய்த வேலை என்று அவனிடம் மட்டும் சொல்லியிருந்தாள். படத்தில் கொன்றை இல்லை.

“இது என் முதுகு,” என்றாள்.

“முகமே போடலையே மேடம். யாருன்னு யாருக்குத் தெரியப் போவுது?”

“எனக்குத் தெரியறதே. இதை மறைக்கறதுக்குன்னா நான் உங்ககிட்ட வந்தேன்! ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?”

“கேட்டா முடியாதுன்னுதான சொல்லுவிய?”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. இறங்கி வர மனமில்லை. “வரைஞ்சது என் கை. கழட்ட முடியாது,” என்றான்.

ஹரிதா ஒரு நாற்காலியை இழுத்துப் படத்தின் கீழே போட்டு உட்கார்ந்தாள். உள்ளே வந்த ஒவ்வொருவரிடமும் தமிழிலும் இந்தியிலுமாக அதையே சொன்னாள். “இது நான். இவர் என்னைக் கேக்கலை.” அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. பார்த்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், பிறகு பூலோகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி வீடியோ எடுத்தாள்.

“கழட்டிடுப்பா, வம்பு வேண்டாம்,” என்றார் வேங்கடசுப்ரமணியன்.

“நாளைக்கு வர மாட்டா, பாருங்க சார்.”

லீவு போட்டுவிட்டு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். பூலோகத்துக்கு அவளை எழுப்பி வெளியே தள்ள வேண்டும் போலிருந்தது.

அன்று மதியம் ஒருவர் படத்தை விலைக்குக் கேட்டார். “கதை நிஜமா? அப்போ கட்டாயம் வேணும்,” என்று இந்தியில் சொல்லிக்கொண்டே, ஹரிதா எழுந்து திரும்பமாட்டாளா என்று அவள் முதுகுப் பக்கமே கண்ணை ஓட்டினார். அதைப் பூலோகம் பார்த்துவிட்டான். படத்தைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

“எடுத்துட்டுப் போங்க.”

“உங்களை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்கோ,” என்று சொல்லி, படத்தின் முன்புறத்தைத் தன் பக்கம் திருப்பி அணைத்துக்கொண்டு டாக்ஸி ஏறினாள்.

வீடியோ தாராவி முழுக்கச் சுற்றியது. அவன் முன்னால் சட்டையைக் கழற்ற யார் வருவார்கள்? ஆறு மாதத்தில் கடை காலி. மும்பைக்கு வெளியே கல்யாணில் ஒரு அறை எடுத்து முழுநேரமும் வரைய உட்கார்ந்தான். வேறு போக்கிடம் இல்லை. “உங்களை வரையட்டுமா?” என்று முதலில் கேட்டது பக்கத்து அறை மதீனா பீவியை. “வேற சோலி இல்லையா?” என்று கதவைச் சாத்தினாள். ஐந்தாவதாகக் கேட்ட ஒரு வாட்ச்மேன்தான், காது தெரியக்கூடாது என்ற நிபந்தனையோடு, சரி என்றார்.

இன்று அவன் படங்கள் விற்கின்றன. ஹரிதாவின் பேச்சை யாராவது எடுத்தால் மட்டும் அவனுக்கு இன்னும் கோபம் வருகிறது. யார் மேல் என்று சொல்லமாட்டான்.