பன்னிரண்டு மடங்கு

பதினோரு வருடக் கல்யாண வாழ்க்கையில் டார்லாவோடு வேட்டைக்குப் போகும் பாக்கியம் எனக்குக் கிடைத்ததில்லை. அது அவள் அண்ணன் வேட் பிடித்துவைத்திருந்த இடம். நவம்பர் வந்தால் இருவரும் பொது நிலத்துக் குன்றுகளுக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் வீட்டில் இறைச்சி உறையவைக்கும் பெட்டியைக் காலிசெய்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன். போன வசந்தத்தில் வேட் வேலை மாறி அலாஸ்காவுக்குப் போனான். “மச்சான், இனிமே அவ கூட நீதான்” என்று என் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான்.

டார்லா அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வருடம் பார்க்கலாம், சரிப்பட்டு வந்தால் மேற்கொண்டு வா, இல்லையென்றால் நான் தனியாகவே போய்க்கொள்கிறேன் என்றாள். வெட்கப்படாமல் சொல்கிறேன், எனக்கு மானைவிட அந்த இடம்தான் வேண்டியிருந்தது.

நான் சிகாகோவில் வளர்ந்தவன். இங்கே மொன்டானாவில் மருந்துக்கடை வேலை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கி, தேர்ச்சி அட்டையைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன். கைபேசியில் வரைபடத்தை இறக்கி, மஞ்சள் நிறம் ஊருக்குப் பொது, வெள்ளை நிறம் பண்ணைக்காரனுடையது, வேலிக்கு அந்தப் பக்கம் காலை வைத்தால் நீ திருடன் என்று பாடம் செய்தேன்.

அடுத்தது பைனாகுலர். கையிலிருக்கும் பணத்தில் பாதியை அதற்கு ஒதுக்கு, மீதியில் துப்பாக்கி வாங்கு என்றாள் டார்லா. “நாள் முழுக்கப் பாக்கறதுதான் வேலை. சுடறது ரெண்டு செகண்டு.” எட்டு மடங்கு பெரிதாகக் காட்டினால் போதும், மிஞ்சிப்போனால் பத்து; முன்கண்ணாடி அகலமாக இருக்க வேண்டும், விடியற்காலை வெளிச்சம் அதன் வழியாகத்தான் வரும். கடை விளக்கில் எல்லாமே நன்றாகத் தெரியும், பொழுது சாயும் நேரத்தில் வெளியே எடுத்துப்போய் மரநிழலுக்குள் பார். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டே பார். இத்தனையும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்விட்டாள்.

கடையில் குறிபார்க்க மேலே நீளமான ஸ்கோப் வைத்த துப்பாக்கியைப் பார்த்தேன், கவிழ்ந்தேன். மிஞ்சிய சில்லறைக்குச் சட்டைப்பையில் அடங்கும் ஒரு குட்டிப் பைனாகுலர் கிடைத்தது. அதில் பன்னிரண்டு மடங்கு என்று போட்டிருந்தது. டார்லாவுடையது வெறும் பத்து. கை ஆடுமே சார் என்று கடைப்பெண் இழுத்தாள். மாத்திரை எண்ணுகிற கை, ஆடாது என்றேன். வீட்டில் டார்லா அதைக் கண்ணில் வைத்து, எதிர்வீட்டுத் தபால் பெட்டியைப் பார்த்து, மேசைமேல் வைத்தாள்.

“இதுல உன் நெஞ்சு துடிக்கறதுதான் தெரியும்.”

வேட் விட்டுப்போன பழையது அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள் என்றும் சொன்னாள். அவன் இடம் போதும், அவன் கண்ணாடி வேண்டாம் என்று வீம்பு பிடித்தேன்.

சீசனின் இரண்டாவது ஞாயிறு. இருட்டோடு இரண்டு மைல் நடந்தோம். என்னை ஒரு மணற்பாறையடியில் உட்காரவைத்துவிட்டு அவள் மேல்முகட்டுக்குப் போனாள். பத்து மணிவரை நான் அசையக் கூடாது. அவள் முகட்டுப் பாதை வழியாகத் திரும்பி வருவாள் என்று ஏற்பாடு. எதிர்ச்சரிவைப் பட்டை பட்டையாகப் பிரித்து, புத்தகம் படிப்பதுபோல் இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும். முழு மானைத் தேடினால் கிடைக்காது, காது நுனியையோ முதுகுக் கோட்டையோ தேட வேண்டும். நான் அப்படியே செய்தேன். என் கண்ணாடியில் மொத்தக் குன்றும் நாடித்துடிப்புக்குத் தகுந்தாற்போல் குதித்தது. மூச்சுவிட்டால் கண்ணாடியில் ஆவி படிந்தது.

எட்டரை மணி இருக்கும். ஓடைக்கு அப்பால் புதருக்குள் ஏதோ பழுப்பாக நகர்ந்தது. பைனாகுலரில் பார்த்தேன், டீக்கறை மாதிரி ஒரு திட்டு, அதுவும் ஆடுகிறது. அதை வீசிவிட்டுத் துப்பாக்கியைத் தூக்கினேன். பார்க்கத்தான், சுட இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்கோப்பில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் வேட்டைக்காரர்கள் போடும் செம்மஞ்சள் மேலங்கி. அதற்கு மேலே வட்டமாய் இரண்டு கண்ணாடிகள், நேராக என்னையே பார்த்துக்கொண்டு. குறுக்குக் கோடு டார்லாவின் கழுத்துப் பொத்தானில் நின்றது.

ஸ்கோப்பைப் பைனாகுலராகப் பயன்படுத்தலாமா என்று பரீட்சையில் கேட்டிருந்தார்கள். கூடாது, பார்க்கிற இடத்தையெல்லாம் துப்பாக்கியும் குறிவைக்கும் என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கியவன் நான்.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டேன். அவள் நேராக வரவில்லை, பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு வந்தாள். குண்டுகளை வெளியே எடுத்தாள், அது இல்லாமல் சுட முடியாத போல்ட்டை உருவினாள், எல்லாவற்றையும் தன் பையில் போட்டுக்கொண்டாள். திட்டவில்லை. முகத்தில் கோபமும் இல்லை.

“உன் விரல் எங்க இருந்துச்சு?”

விசை வளையத்துக்கு வெளியேதான் இருந்தது என்று சொல்லத்தான் நினைத்தேன்.

“தெரியல” என்றேன்.

“எனக்குத் தெரியும். உள்ள இருந்துச்சு. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.”

பொத்துக்கொண்டு வந்த அழுகையை அடக்க முடியவில்லை. அவள் அருகில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். முகட்டுப் பாதையை விட்டு ஏன் இந்த வழியாக வந்தாய் என்று கேட்டேன். முகட்டுக்குப் பின்னால் ஒரு கொம்பு மான் படுத்திருக்கிறதாம், நல்ல மான், எழுந்திருக்கும் யோசனையே இல்லாமல். எனக்கு அது முதல் மானாக இருக்கட்டும் என்று, அழைத்துப்போகக் குறுக்கு வழியில் வந்தாளாம். நேற்று மழை பெய்தது என்பதுபோல் சொன்னாள்.

அப்புறம் தன் பைனாகுலரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். அதில் குன்று குதிக்காமல் நின்றது. நிழலுக்குள் ஒரு பெண் மான் அசைபோடுவதும், அதன் மூச்சு வெள்ளையாகக் கிளம்புவதும் தெரிந்தன. எவ்வளவு நேரம் பார்த்தேனோ, அவள் அவசரப்படுத்தவில்லை. படுத்திருந்த மானை அவளும் சுடப் போகவில்லை.

பதினொரு மணிக்கு எழுந்தோம். எங்கே போனாலும் டார்லா முன்னால் நடப்பாள், நான் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு ஓடுவேன், எப்போதும் அப்படித்தான். என் தோளில் தொங்கியது வெறும் கட்டை. போல்ட்டும் குண்டுகளும் அவள் பையில் இருந்தன. அவள் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

“நீ முன்னால போ” என்றாள். குண்டில்லாத துப்பாக்கிதான், ஆனாலும் என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் அவள் விடவில்லை.

ட்ரக் வரைக்கும் இரண்டு மைல். அவள் பூட்ஸ் சத்தம் எனக்குப் பின்னாலேயே வந்தது.