எந்த மண்ணென்று நான் கேட்கவில்லை

நான் கோபக்காரன். இதை என் மனைவி சொர்ணாம்பாள் சொல்வாள், என்னோடு வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள், தினமும் நான் டீ குடிக்கிற கடைக்காரர்கூடச் சொல்வார். விருத்தாசலம் செராமிக் பேட்டையில் முப்பத்து நாலு வருஷம் சூளை பார்த்து ரிட்டயரானவன். ஃபியூஸ் கட்டையோ ஊறுகாய் ஜாடியோ பொம்மையோ, எதற்கு எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிரில்தான் இதைச் செய்தேன். அப்போது அதற்கு அனுபவம் என்று பெயர் வைத்திருந்தேன்.

எங்கள் பீரோவில், சொர்ணத்தின் கூறைப்புடவைக்கு அடியில், ஒரு மண் பலகை இருந்தது. கை அகலம்தான். அதில் ஒரு குழந்தையின் கால் பதிந்திருக்கும். எங்கள் மூத்தவன் பூபாலனின் கால். சொர்ணத்தின் பிறந்த வீடு கருவேப்பிலங்குறிச்சியில் பானை செய்கிற வீடு. பிள்ளை பிறந்த முப்பதாம் நாள் ஈர மண்ணில் அதன் காலை அமுக்கி எடுத்து, நிழலில் காயவைத்து, சுடாமல் அப்படியே வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். பிள்ளையின் கால் நெருப்பில் படக்கூடாது என்பார்கள். அடுத்த தலைமுறையில் ஒரு பிள்ளை பிறந்தால், இந்தப் பலகையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அதன் காலைப் பதிப்பார்கள்.

பூபாலன் நாலு வயதில் ஜுரத்தில் போய்விட்டான். அவனை எடுத்த ஒரே போட்டோவும் தானே புயலில் கூரை ஒழுகி ஊறிப்போனது. எங்களுக்கென்று அவன் விட்டுப்போனதில் மிச்சம் அந்தப் பலகை ஒன்றுதான். அவனுக்குப் பின்னால் பிறந்த யுவஸ்ரீக்குக் கால் பதிக்கவில்லை. சொர்ணத்துக்கு அப்போது அதற்கெல்லாம் மனசே இல்லை.

யுவஸ்ரீ இப்போது ஓசூரில் இருக்கிறாள். ஏழாம் மாதத்தில் போன் செய்தாள்.

"அம்மா, அண்ணன் கால எடுத்து வைம்மா. எம் புள்ள கால அதுக்குப் பக்கத்துல வச்சுத்தான் பதிக்கணும். அப்பறம் ரெண்டையும் நானே எடுத்துட்டுப் போறேன்."

சொர்ணம் சிரித்துக்கொண்டே பீரோவைத் திறந்தாள். பலகையின் ஓரம் பொடிந்து, புடவையெல்லாம் வெள்ளைத் தூளாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"பாத்தியா, உதிருது," என்றேன். "ஓசூர் போய்ச் சேர்றதுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது. குடு, நம்ம சூளையில வச்சு சுட்டுக் கொண்டாரேன். நூறு வருஷம் ஆனாலும் அசையாது."

"வாணாங்க. பஞ்சு சுத்தி எவர்சில்வர் டப்பாவுல வச்சுக் குடுத்துடலாம். எங்க வூட்ல இத யாரும் சுட்டதில்ல."

"வைக்கோலப் போட்டுக் கொளுத்துறதுக்குப் பேரு உங்க வூட்ல சூளை. உங்காளுங்களுக்கு என்னா தெரியும்?"

கல்யாணமான நாளிலிருந்து நான் பேசுகிற பேச்சுதான் இது. என் மாமனார் தங்கமான மனுஷர். அவர் செய்த பானையைக் கையில் எடுத்து, 'என்னா மாமா, தட்டுனாலே ஒடஞ்சிடும்போல' என்று எத்தனையோ தடவை அவர் முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறேன். அவரும் சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

"நெருப்புல வைக்க வாணாங்க. சொன்னாக் கேளுங்க," என்றாள் மறுபடியும்.

"சரி சரி," என்றேன்.

மறுநாள் பிரதோஷம். அவள் பழமலைநாதர் கோயிலுக்குப் போனதும் பலகையைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பேட்டைக்குப் போனேன். எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. பூபாலன் பிறந்த சேதி வந்ததும் ஃபேக்டரியிலிருந்து ஒரு உருண்டை வெள்ளை மண்ணை ஈரத்துணியில் சுற்றி, என் மச்சான் கையில் கொடுத்து பஸ் ஏற்றியவன் நான்தான். 'எம் புள்ள காலு உங்க ஏரி மண்ணுல பதியக் கூடாது' என்று சொல்லியும் அனுப்பினேன். என்ன வாய் பாருங்கள் எனக்கு. கால் பதித்த அன்று நான் அங்கே இல்லை. ஷிப்டு.

சூளையில் இப்போது மாணிக்கவேல் இருக்கிறான். என்னிடம் இருபது வருஷம் வேலை பார்த்தவன். பலகையை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"அண்ண, அடியில லேசா சொரண்டிப் பாத்துடட்டுமா? என்னா மண்ணுன்னு தெரிஞ்சுக்கிட்டு வச்சா நல்லது."

"யார்கிட்ட கேக்குற? நான் குடுத்தனுப்புன மண்ணுடா அது. வை தட்டுல."

அவன் வைத்தான். ஒரு நகம் பட்டிருந்தால் போதும். என் நகம் பட்டிருந்தாலும் போதும்.

எங்கள் சூளை ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் போகும். வெள்ளை மண் அதில் கல்லாக இறுகும். ஏரி மண் அந்தச் சூட்டைத் தாங்காது, உருகிவிடும். பேட்டையில் சேர்ந்த முதல் வாரத்தில் கற்றுக்கொள்கிற பாடம் அது. மூன்றாம் நாள் காலையில் சூளையைத் திறந்தார்கள். தட்டில் கருப்பட்டி மாதிரி ஒரு கட்டி, பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. காலும் இல்லை, விரலும் இல்லை. மேலே மட்டும் திட்டுத் திட்டாக வெள்ளை. மாணிக்கவேல் உளியால் தட்டி எடுத்துக் கையில் கொடுத்தான். அடப்பாவி என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன். சத்தமாகத்தான் சொன்னேன்போல, அங்கிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது சொர்ணம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். துண்டைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் கட்டியைத் தொடவே இல்லை.

"அது உங்க மண்ணு இல்லிங்க," என்றாள். "நீங்க குடுத்தனுப்புனது முப்பதாம் நாளு வரைக்கும் தாங்கல, காஞ்சி வெடிச்சிப்போச்சி. எங்கப்பாதான் ஏரி மண்ணப் பெசஞ்சி குடுத்தாரு. உங்களுக்கு மனசு கஷ்டமாயிடும்னு உங்க மண்ணக் கரைச்சி மேல பூசிவுட்டேன்."

அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது. "முப்பத்தஞ்சு வருஷமா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னியாடி நீ?"

"சொல்லியிருந்தா நீங்க அத வச்சிருக்க வுட்டிருப்பீங்களா?"

விட்டிருக்க மாட்டேன். வாசலில் வீசியிருப்பேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நான் சொல்லாதது தப்புதான்," என்றாள். "எந்த மண்ணுன்னு நீங்களும் என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

அதற்கப்புறம்தான் அழுதாள். முந்தானையால் அந்தக் கட்டியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். மகன் செத்த அன்றைக்கு அவளைத் தேற்ற நூறு பேர் இருந்தார்கள். இப்போது நான் ஒருத்தன்தான் இருந்தேன், எனக்குக் கிட்டே போகத் தைரியமில்லை. அந்தக் கீரை சமைக்காமல் முறத்திலேயே வாடிப்போனது.

யுவஸ்ரீக்கு ஆண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் மச்சான் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஏரி மண் பிசைந்து கொண்டுவந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். சொர்ணம் அந்தக் கட்டியை எடுத்துவந்து மனைமேல் வைத்தாள். மகளிடம் நானே சொன்னேன், ஒன்று விடாமல் சொன்னேன். மச்சானிடம் சொல்லியனுப்பிய பேச்சு உட்பட. அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. கட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தப் பக்கம்ப்பா வெரலு இருந்துச்சு?"

நான் கையை நீட்டினேன். எங்கே காட்டுவதென்று தெரியவில்லை.

"எடது காலா, வலது காலாப்பா?"

அதுவும் எனக்குத் தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷமாக என் பீரோவில் இருந்த என் மகனின் கால். நூறு வருஷம் காப்பாற்றக் கிளம்பியவன் ஒரு நாள்கூட அதை ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை.

"எடது காலும்மா," என்றாள் சொர்ணம். "சுண்டுவெரலு மட்டும் தனியா ஒதுங்கியிருக்கும். குதிகால்ல ஒரு பள்ளம், நான் அழுத்திப் புடிச்ச எடம்."

"எவ்ளோ நீளம்மா?"

சொர்ணம் யோசிக்கவேயில்லை. பேரன் காலுக்குப் பக்கத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்துப் பிடித்தாள். அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் மூன்று பேரில் அந்த அளவு அவளிடம் மட்டும்தான் இருந்தது. அவளுக்கு அறுபது முடியப்போகிறது.

"அப்படியே இரு சொர்ணம், கைய எடுத்துடாத," என்று சொல்லிவிட்டு, அளவு குறித்துக்கொள்ள ஸ்கேல் எடுக்க உள்ளே ஓடினேன். மேசை டிராயரில் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் குழந்தை அழுதுவிட்டது. அவள் கையை எடுத்து அவனைத் தூக்கித் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

நான் ஸ்கேலோடு நின்றேன். இன்னொரு தடவை காட்டு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.