மாடிக் கூடத்து உத்தரம்

காரைக்குடி வக்கீல் பெல்சியிடம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த கட்சிக்காரர் வள்ளியப்பன். நேமத்தான்பட்டியில் இருந்த தன் பூர்வீக வீட்டை ஓட்டலாக்கி, விசேஷங்களுக்கும் விட்டுவந்தார். மாடியில் குளியலறை கட்டிய கான்ட்ராக்டருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றார். குழாய் கசிந்து கசிந்து, மாடிக் கூடத்தைத் தாங்கும் தேக்கு உத்தரங்களில் இரண்டு உள்ளுக்குள் உளுத்துவிட்டன. இஞ்சினியர் கொடுத்த அறிக்கையையும் காட்டினார். முப்பது பேருக்கு மேல் அங்கே ஏறக்கூடாது என்று அதில் இருந்தது.

இப்போது ஏதாவது விசேஷம் இருக்கிறதா என்று கேட்டாள் பெல்சி.

"ஞாயித்துக்கெழம ஒரு கல்யாண விருந்து. அது முடியட்டும், பூட்டிப்புடுறேன். இது நமக்குள்ளயே இருக்கட்டும் வக்கீலம்மா."

கூடாது என்று அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கடைசி நேரத்தில் இடம் மாற்றினால் ஓட்டல் பேர் கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் சகாய ஆண்டனி சார் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தார். பெல்சிக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். மகள் ஆன் மேரிக்குக் கல்யாணம். கோயிலில் பூசை முடிந்ததும் நேமத்தான்பட்டியில் விருந்து.

"மாடிக் கூடத்துலதான் பந்தி. முன்னூறு பேரு வருவாக. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு முன்னாடியே வந்துரணும்" என்றார்.

பெல்சிக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வேறு இடம் பாருங்கள் என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் என்று கேட்பார், ஆசிரியர் அல்லவா. நம்பி வந்து சொன்னவரின் ரகசியத்தைச் சாடையாக விட்டாலும் விட்டதுதான். வருகிறேன் சார் என்று பத்திரிகையை வாங்கிக்கொண்டாள்.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டான் கணவன் ஆரோக்கிய பிரபு. ஆபீஸ் விஷயம் என்றாள். அதற்குமேல் அவன் கேட்பதில்லை. சட்டப் புத்தகங்களைப் புரட்டினாள். கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது தெளிவாக இருந்தது. முன்னூறு உயிர் என்றால் என்ன செய்வது என்பதுதான் அவ்வளவு தெளிவாக இல்லை. வள்ளியப்பன் கடைசிவரை மசியாவிட்டால் சொல்லிவிடுவது, வக்கீல் உரிமம் போனாலும் போகட்டும் என்று முடிவு செய்தாள். அதற்கு முன் அவரையே இன்னொரு தடவை பார்த்துவிட நினைத்தாள்.

வியாழக்கிழமை கோர்ட்டு வேலை முடிந்ததும் நேரே நேமத்தான்பட்டிக்குப் போனாள். வள்ளியப்பன் மாடிக்குக் கூட்டிப்போனார். தரையில் புதுச் சமுக்காளம் விரித்திருந்தார்கள். பெல்சி சட்டம் எதுவும் பேசவில்லை.

"ஞாயித்துக்கெழம பந்தி நடக்குறப்ப நீங்க எங்குட்டு நிப்பீக, அண்ணே?"

"வாசல்ல. வாரவுகள வாங்கன்னு கேக்கணும்ல."

"உங்க மக சிவரஞ்சனி?"

"அதுவும் எங்கூட வாசல்லதான். மேல ஏற வேணாம்னு சொல்லி..."

பாதியில் நிறுத்திவிட்டார். சமுக்காளத்தின் ஓரத்தைக் காலால் நீவினார்.

"நான் யாருகிட்டயும் சொல்லல அண்ணே. சொல்ல வேண்டியவுக நீங்க. நீங்க சொன்னாத்தான் அதுக்கு மரியாத" என்றாள் பெல்சி.

அவள் முன்னாலேயே சகாய ஆண்டனிக்குப் போன் போட்டார் வள்ளியப்பன். உத்தரம் கெட்டிருப்பதை மறைக்காமல் சொன்னார். வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் தன் செலவில் பந்தல் போட்டுத் தருவதாகவும் சொன்னார். அன்றைக்கே தச்சர் கருத்தையா வந்து கூடத்துக்கு முட்டுக் கொடுத்தார், மாடிப்படிக் கதவுக்குப் பூட்டும் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை வேப்பமரக் காற்றில் பந்தி அமர்க்களமாக நடந்தது. எலும்புக் குழம்பின் வாசனை தெருமுனை வரை போனது. சகாய ஆண்டனி வள்ளியப்பனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பெல்சி முன்னால் வந்து நின்றார்.

"இவுகதான் வள்ளியப்பன். அவுக நட்டத்தப் பாக்காம உண்மையச் சொன்ன மனுசன்."

பெல்சி புது ஆளைக் கும்பிடுவதுபோலக் கும்பிட்டாள். வள்ளியப்பன் சிரித்துவிட்டார்.

"எனக்கு வக்கீலே இவுகதான் சார். சொல்ல வச்சதும் இவுகதான்."

சகாய ஆண்டனி திரும்பி அவளை உற்றுப் பார்த்தார். தான் பத்திரிகை கொடுக்கப் போன அந்தச் சாயங்காலம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கோபித்துக்கொள்வாரோ என்று பெல்சி பயந்தாள். அவர் எதுவும் கேட்காமல் அவள் தலையில் கை வைத்துவிட்டு, பொண்ணு மாப்பிள்ளையோடு போட்டோ எடுக்க அவர்களைக் கூட்டிப்போனார்.