வெயிலில் வைத்த வெள்ளை ஒயின்

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. திண்டுக்கல் ஜங்ஷன் சிற்றுண்டிச் சாலையில் சமையல் பார்க்கும் மரியசெல்வம் போன மாசம் பேச்சுவாக்கில் சொன்னார்: "மாதா கோயில் பூசைக்கு ஏன் வெள்ளை ஒயினா பாத்து வாங்குறாங்க தெரியுமாப்பா? செவப்பு சிந்துனா பீடத்துணியில கறை போகாது." அந்தத் துணியைத் துவைப்பவள் யார் என்று யோசித்தேன். மாட்டிக்கொண்டேன்.

வெள்ளை ஒயினை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இது 1961. மதுவிலக்கு வந்து பதிமூன்று வருஷமாகிறது. (கள் வாசனை தெரியும். அதை வைத்து ஒயினை எழுதிப் பார்த்தேன். பனங்காடுதான் வந்தது.)

2

"பொன்னிறத் திரவம் கண்ணாடிக் கோப்பையில் அலைபாய, இஞ்ஞாசி தன்

அடித்துவிட்டேன். இஞ்ஞாசி வீட்டில் ஏது கண்ணாடிக் கோப்பை?

நேராகவே சொல்லிவிடுகிறேன். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலில் மணி அடிக்க, பூசைக்கு எடுத்து வைக்க இருப்பவன் இஞ்ஞாசி. பீடத்துணி துவைப்பது அவன் மனைவி சவரியம்மாள். நாளை கல்லறைத் திருநாள். ஊரில் செத்தவர்கள் அத்தனை பேருக்கும் பூசை. பெர்மிட்டில் வந்த ஒயினில் மிச்சம் அரைப் பாட்டில்; அடுத்தது வர ஒரு வாரமாகும்.

அந்த அரைப் பாட்டிலில் ஈரச்சாக்கு வாசனை அடித்தது என்று சவரியம்மாள் பாட்டில் வாயில் துணி கட்டி ரெண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டாள், ஊறுகாய்ச் சாடிக்குச் செய்வதைப்போல.

"பூசணம் புடிச்சிரும்னு வச்சேன். நான் என்னத்தக் கண்டேன்?"

"வைக்கோல் தண்ணியாட்டம் இருந்தது, இப்ப வெல்லத் தண்ணியாட்டம் நிக்கிதேடி. சாமிக்கு என்ன பதில் சொல்ல?"

"வெல்லம்னா நல்லதுதானங்க?"

புளித்துக் காடியாகியிருந்தால் பூசை செல்லாது. சாமியாரோ சளிக்காய்ச்சலில் படுத்திருக்கிறார். "நாக்கும் மூக்கும் செத்துக் கெடக்கு. நீயே ஒரு சொட்டு பாத்துச் சொல்லு இஞ்ஞாசி" என்றுவிட்டார்.

இஞ்ஞாசியால் முடியாது. ஒரு காலத்தில் நன்றாகக் குடித்தவன். மகள் ஜன்னியில் கிடந்தபோது, இனி ஒரு சொட்டு நாக்கில் படாது என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டான். மகள் பிழைத்தாள். இந்த நிமிஷம் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கிறாள்.

3

இதுவரை எழுதியதை மரியசெல்வத்திடம் வாசித்துக் காட்டினேன். கொடைக்கானலில் ஒரு துரை பங்களாவில் பதினோரு வருஷம் பட்லராக இருந்தவர் அவர். அடுத்து எழுத வைத்திருந்த ஒரு வரியிலேயே நிறுத்திவிட்டார்.

"என்னப்பா, ஒயின் இனிச்சதுங்கிற? வெள்ளை ஒயின் இனிக்கணும்னு இல்ல. புளிக்கணும்."

"புளிச்சாக் காடிதான அண்ணே?"

"அங்கதான் வம்பு. நல்ல ஒயின்னா நெல்லிக்காயக் கடிச்சாப்புல எச்சி ஊறும். காடின்னா தொண்டையப் புடிக்கும். தொரை மொதல்ல வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாரு, பெறகு மோந்து பாப்பாரு, பெறகுதான் ஒரு வாய். ஈரத்துணி சுத்திக் குளுர வச்சிருப்பேன். வறுத்த மீனுக்கு அம்புட்டு எடுப்பா இருக்கும்."

"நீங்க குடிச்சிருக்கீகளா?"

"மிச்சத்தை வாய்க்கால்லயா ஊத்துவேன்?"

"வெயில்ல வச்சா என்னாகும்?"

"எந்தத் தொரை வெயில்ல வச்சாரு, நான் பாக்க?"

இவரை நம்பித்தான் இந்தக் கதையை ஆரம்பித்தேன்.

4

முடிவு ஒன்று: இஞ்ஞாசி நக்கிப் பார்க்கிறான். சாயங்காலம் மகளுக்கு உடம்பு
(எழுத மாட்டேன். ஒரு கதைக்காகப் பாண்டி ஆடும் பிள்ளையைப் படுக்க வைக்க என்னால் ஆகாது.)

முடிவு இரண்டு: பார்க்காமலே "நல்லாருக்கு சாமி" என்கிறான். பிறகு ஊரே கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது அவன் முகத்தை நான் எப்படி எழுதுவது?

முடிவு மூன்று: மரியசெல்வம் கதைக்குள் வந்து ருசி பார்க்கிறார். "என்னைய இழுக்காத" என்றுவிட்டார். எழுந்து போகும்போது கேட்டார்: "ஏப்பா, அந்தப் புள்ள சவரியம்மா ஏதும் நேர்ந்துக்கிட்டாளா?"

பேனாவைக் கீழே வைத்தேன். மூன்று வாரமாக அவளைத் துவைக்க மட்டுமே விட்டிருக்கிறேன்.

5

"இங்கிட்டுக் கொண்டாங்க. வச்சவ நான்தான?"

"ஏய், உனக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சும் வாயத் தொறக்க மாட்டேங்கிறீகளே."

பாட்டிலை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மோந்தாள். பாட்டிலை இஞ்ஞாசியிடம் கொடுத்து, ஊறுகாய்க் கரண்டியைக் கழுவி, அதில் ஊற்றச் சொல்லி வாயில் விட்டாள். சவரியம்மாளின் முகம் சட்டென்று

(இதற்கு மேல் எனக்குத் தெரியாது. வெள்ளை ஒயின் குடித்த வாசகர் யாராவது எழுதிப் போடலாம் என்றால், மதுவிலக்கில் அதையும் வெளியே சொல்ல முடியாது. என்ன எழவுக் கதை இது.)

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். "என்னடி?" என்றான் இஞ்ஞாசி. "செத்த பொறுங்க" என்றாள். அவள் இடது கை தொண்டையில் இருந்தது. வலது கை, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, கரண்டியை நீட்டிக்கொண்டிருந்தது.

காலையில் பூசைக்கு மணி அடிக்க வேண்டுமா, நீங்களே சொல்லுங்கள்.