ஏழாவது இன்னிங்ஸில் எழுந்து நின்றவர்கள்

யூஜின் ஹவ்ரானெக் இறந்த பிறகு அவருடைய இருக்கை மேலே மடங்கவில்லை. கார்வர்ஸ் பெண்ட் ஊரின் பேஸ்பால் மைதானத்து இருக்கைகள் எல்லாம் ஸ்பிரிங் வைத்தவை. ஆள் எழுந்தால் பலகை தானாக எழும்பி முதுகுப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அன்று ஞாயிற்றுக்கிழமை, வெயில் சாய்கிற நேரம். மூன்றாவது பேஸ் பக்கத்து வரிசையில் யூஜின் ஒரு வேர்க்கடலையை உடைத்து, ஒரு பருப்பைத் தன் வாயிலும் மற்றதை மனைவி வெர்னாவின் உள்ளங்கையிலும் போட்டார். "பாரு, இவன் காத்துலதான் வீசப்போறான்" என்றார். மட்டைக்காரன் பந்தில் படாமல் காற்றில்தான் வீசினான். சொன்னபடியே ஆயிற்றே என்று சொல்ல வெர்னா திரும்பியபோது கேட்க ஆள் இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பலகை மட்டும் ஒரு ஆளின் கனத்தைத் தாங்கியபடி கீழேயே இருந்தது.

மைதானத்து ஆட்கள் எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்டினார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. அடுத்த ஆட்டத்தில் விஷயம் விளங்கியது. ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் ஊரே எழுந்து நின்று சோம்பல் முறித்து, மைதானத்து ஆர்கன் வாத்தியத்தோடு சேர்ந்து பழைய பாட்டு ஒன்றைப் பாடுவது வழக்கம். கடைசி வரி முடியும்வரை யாரும் உட்கார மாட்டார்கள்; நடுவில் உட்கார்ந்தவன் வெளியூர்க்காரன். அன்று எல்லோரும் எழுந்தபோது யூஜினின் பலகையும் தட்டென்று மேலே போனது. பாட்டு முடிந்ததும் இறங்கியது. மற்றவர்களைவிடத் தாமதமாக, ஏனென்றால் உருக்காலையில் அடிபட்டதிலிருந்து அவருக்கு இடது முழங்கால் சரியில்லை. கைப்பிடியைப் பிடித்து இரண்டு தவணையாகத்தான் உட்காருவார். பலகையும் இரண்டு தவணையாகவே இறங்கியது. வெர்னா அழவில்லை. கடலைப் பொட்டலத்தை அந்தப் பக்கம் நீட்டினாள்.

பிறகு மற்றவர்களும் வந்தார்கள். ஆலையில் இரவு வேலை பார்த்தவர்கள், ஒரு முடிதிருத்துபவர், கணக்கு டீச்சராக இருந்த கன்னியாஸ்திரி என்று வருஷச் சந்தா கட்டி ஆட்டம் பார்க்க வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாக, ஒவ்வொரு பலகையாகக் கீழே நின்றது. ஆலை மூடிய வருஷம் ஒரே குளிர்காலத்தில் அரை வரிசை நிரம்பியது. வெளியூர்க்காரர்கள் தெரியாமல் உட்காரப் போனால், "ஆள் இருக்கு" என்பார்கள். அவர்களும் மன்னிப்புக் கேட்டு நகர்ந்துகொள்வார்கள். இறந்தவர்கள் அம்பயரைத் திட்டுவதில்லை, பீர் கேட்பதில்லை. மற்றபடி இருப்பவர்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அணியின் பழைய முதலாளி பால்பண்ணைக்காரர். அந்த இருக்கைகளை அவர் யாருக்கும் விற்கவில்லை. கடைசியில் அவருடைய பலகையும் இறங்கியது.

போட்மென் என்ற அந்த ஊர் அணி தோற்காத வருஷத்தை நினைவில் வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் இறந்தவர்கள் பக்கம் போய்விட்டார்கள். எனவே பால்பண்ணைக்காரரின் பிள்ளைகள் அணியைத் தூரத்து நகரத்துக் கம்பெனி ஒன்றுக்கு விற்றபோது ஊர் ஒப்பாரி வைக்கவில்லை. கம்பெனி கிளேட்டன் ரஷ் என்ற இளைஞனை மேலாளராக அனுப்பியது. வந்ததும் அவன் எல்லோரிடமும் கை குலுக்கினான், கழிப்பறைகளைச் சரிசெய்தான், பந்து வீச ஒரு இடது கைக்காரனை வாங்கினான். வெர்னாவுக்குப் பின்வரிசையில், யூஜினின் இருக்கைக்கு நேர் பின்னால் உட்காருகிற ஆர்லிஸ் பூன் அப்படியே மயங்கிப்போனார். ஆர்லிஸ் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஹாரன் போன்ற குரல்.

"ஏம்மா வெர்னா, கக்கூஸுல தண்ணி வருது, பாத்தியா?"

"கக்கூஸா வந்து பந்து போடப்போவுது?"

"எதுக்கெடுத்தாலும் ஒரு குத்தல். இடது கைக்காரன் வந்திருக்கான்ல?"

"போன முதலாளியும்தான் ஒருத்தனக் கூட்டிட்டு வந்தாரு. அவன் போட்ட பந்தெல்லாம் அடிவாங்கிப் போயி இன்னும் ஓஹையோ ஆத்துல மிதக்குது."

ஆனால் ஒரு வாரம் முழுக்க போட்மென் ஜெயித்தார்கள். முடிதிருத்தும் கடையில் காசு வாங்கவில்லை. மாதாகோயிலில் மணியடித்தார்கள். வெர்னாவும் ஒரு புதுத் தொப்பி வாங்கினாள். அந்தத் தொப்பியை நினைத்துத்தான் பின்னால் அவளுக்கு வயிறு எரிந்தது. ஏமாற்றினதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நம்ப வைத்ததை எப்படிப் பொறுப்பது? ஜூன் மாதம் இடது கைக்காரனைப் பெரிய நகரத்து அணி ஒன்றுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆர்கன் வாசித்த அம்மாளை வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளிமைதானத்தில் வீட்டுச்சுவர் அளவுக்கு ஒரு திரை எழுந்தது. மேல்வரிசைக்குப் பின்னால் பணக்காரர்கள் உட்கார்ந்து பார்க்கக் கண்ணாடிப் பெட்டிகள் கட்டினார்கள். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் இனிப் பாட்டு கிடையாது. சாசேஜ் என்கிற குழல் இறைச்சி விற்கும் கம்பெனி ஒன்றின் மூன்று பொம்மைச் சாசேஜ்கள் திரையில் ஓட்டப்பந்தயம் ஓடும். கண்ணாடிப் பெட்டிக்காரர்களுக்கு மறைக்காமல் இருக்க எல்லோரும் உட்கார்ந்தே இருக்கவும் என்று ஒலிபெருக்கி சொன்னது.

உயிரோடு இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவர்கள் வழக்கப்படி எழுந்தார்கள். பலகைகள் ஒன்றாக மேலே போயின. பாட்டு ஆரம்பிக்கவில்லை. ஆரம்பிக்காத பாட்டு முடிவது எப்படி? சாசேஜ்கள் ஓடி முடித்தன, எட்டாவது இன்னிங்ஸ் முடிந்தது, ஒன்பதாவதும் தோல்வியில் முடிந்தது, விளக்கணைத்தார்கள். பலகைகள் கீழே வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ரஷ் அதைப் பார்த்து மகிழ்ந்துபோனான். தொல்லை தானாக விட்டது, இருக்கைகள் காலி. பிறந்தநாள் கோஷ்டிகளுக்கும் அலுவலகக் கூட்டங்களுக்கும் அவற்றை விற்க உத்தரவு போட்டான். மடங்கிய பலகையைப் பார்த்து, எழுந்து நிற்கிறாரா எழுந்தே போய்விட்டாரா என்று யார் சொல்ல முடியும்? வெர்னாவுக்கே அந்தப் பயம் வந்தது. பொட்டலத்தை நீட்டின கை பாதியில் நின்றது.

"ஆர்லிஸ், போயிட்டாரோ?"

ஆர்லிஸ் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைத்துப் பார்த்தார். "எங்க போனாரு? ரெண்டு நாளா எனக்கு ரெண்டாவது பேஸே தெரியல. உம் புருஷன் முதுகுதான் மறைக்குது."

அதே புகார் மற்ற வரிசைகளிலிருந்தும் வந்தது. பிறந்தநாளுக்கு வந்தவர்கள், முன்னால் யாரோ கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பதுபோல் ஆட்டம் மங்கலாகத் தெரிகிறது என்று பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். வெர்னாவுக்கு நிம்மதி ஒரு நிமிஷம்தான். அடுத்த நிமிஷம் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவர் போகவில்லை, நிற்கிறார். அந்த முழங்காலோடு. ஆட்டம் இருக்கிற நாளிலும் இல்லாத நாளிலும், மழையிலும், யாருமில்லாத மைதானத்திலும். முப்பது வருஷம் உலைக்கு முன்னால் நின்றவரை, உட்காரட்டும் என்று கடவுளே விட்ட பிறகு, ஒரு சாசேஜுக்காக நிற்க வைத்திருக்கிறார்கள். அன்று முதல் அவளும் உட்காரவில்லை. கண்ணாடிப் பெட்டிகளிலிருந்து புகார் போனதும் ரஷ்ஷே படியிறங்கி வந்தான்.

"மேடம், கொஞ்சம் உக்காந்தீங்கன்னா நல்லாருக்கும்."

"என் வீட்டுக்காரரு நிக்கிறாரு. நான் எப்படி உக்காருவேன்?"

"அந்த சீட் காலியா இருக்கு மேடம்."

"பாட்டப் போடு. அப்ப தெரியும் காலியா இல்லையான்னு."

"அந்த நேரத்த சாசேஜ்காரங்களுக்குக் குடுத்தாச்சு. வேணும்னா அவர் பேர் போட்டு ஒரு பித்தளைத் தகடு வெச்சிடலாம்."

"தகட்டுக்கு முழங்கால் வலிக்காது, தம்பி."

பின்னாலிருந்து ஆர்லிஸ், "நீ வாங்கின ஆளையே உன்னால ஒரு கோடைக்கு வெச்சுக்க முடியல, எங்க ஆளத் தொரத்த வந்துட்டியா?" என்று ஹாரனடித்தார். ரஷ் சிரித்தபடி மேலே போய்விட்டான். அந்தச் சிரிப்பு அவனுக்குக் கம்பெனி கொடுத்தது. கழற்றி வைக்க அனுமதி இல்லை.

வெர்னா பாடத் தெரிந்தவள் இல்லை. கோயிலில்கூட உதட்டை அசைப்பதோடு சரி. இருந்தாலும் அடுத்த ஆட்டத்தில் சாசேஜ்கள் ஓடத் தொடங்கியதும் பாடினாள். ஒலிபெருக்கி அவளை விழுங்கியது. அதற்கடுத்த ஆட்டத்தில் ஆர்லிஸும் சேர்ந்தார்; பாதி பாட்டுக்குள் இன்னிங்ஸ் தொடங்கிவிட்டது, பலகைகள் அசையவில்லை. பாதி பாட்டு இறந்தவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. கோடை முழுக்க அப்படியே போனது. தொண்டை கட்டிக்கொண்டு அவள் தேன் கலந்த வெந்நீரோடு மைதானத்துக்கு வந்தாள். "பைத்தியம்" என்று சிலர் சொன்னார்கள். சொன்னவர்களில் சிலருக்கு அப்பாவோ அண்ணனோ அந்த வரிசைகளில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமல் புரண்டுவிட்டு, அடுத்த ஆட்டத்தில் எழுந்து நின்றார்கள்.

செப்டம்பர் மாதம் ஒரு மாலை, போட்மென் படுதோல்வியில் இருந்தபோது, ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் மூன்றாவது பேஸ் பக்கம் முழுவதும் எழுந்தது. வெர்னா முதல் வரியை எடுத்தாள். கடலை விற்பவர்கள் கூடைகளை இறக்கிவைத்துச் சேர்ந்துகொண்டார்கள். ரஷ் ஒலியைக் கூட்டச் சொன்னான். கூட்டம் அதைவிடக் கூட்டியது. சாசேஜ்கள் ஓடி முடித்து, பந்து வீசுபவன் மைதான நடுவே தன் மேட்டுக்கு வந்துவிட்டான், பாட்டு இன்னும் பாதியில். அப்போது அந்த ஊர் இத்தனை வருஷமாகக் குருடன் என்று திட்டிவந்த அம்பயர் கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தினார். முகமூடியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கடைசி வரி முழுதாக முடிந்தது.

உயிரோடு இருந்தவர்கள் யாரும் உட்காரவில்லை. காத்திருந்தார்கள். கீழ்வரிசையில் ஒரு பலகை இறங்கியது. பிறகு இன்னொன்று, பிறகு தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுவதுபோல வரிசை வரிசையாக. யூஜினின் பலகை கடைசியில் வந்தது, பாதி இறங்கி, நின்று, மீதியும் இறங்கியது. வெர்னா உட்கார்ந்தாள். "அப்பாடா, ரெண்டாவது பேஸு தெரியுது" என்றார் ஆர்லிஸ், மூக்கைச் சிந்தியபடி.

கம்பெனி எதையும் திருத்திக்கொள்ளவில்லை. சாசேஜ்கள் இன்னும் ஓடுகின்றன, அவற்றின் மேலேயே ஊர் பாடுகிறது, அம்பயர்கள் காத்திருக்கிறார்கள். அடுத்த வருஷம் அந்தப் பாட்டையும், தானாக இறங்கும் பலகைகளையும் கம்பெனி தன் விளம்பரத்தில் தன்னுடைய ஏற்பாடுபோல் போட்டுக்கொண்டது. வெட்கம் இருந்தால்தானே. டிக்கெட் வாங்கி வருகிறவர்களிடம் இப்போது ஊழியர்களே "அதுல ஆள் இருக்கு சார்" என்று சொல்லி வேறு இடம் காட்டுகிறார்கள்.

அந்தச் செப்டம்பர் ஆட்டத்திலும் போட்மென் தோற்றார்கள். அந்த வருஷமும் கடைசி இடம்தான்.