மச்சினன் நீட்டிய காற்று

இனிமேல் தொட்டியை வடிக்கப்போவதில்லை என்று கம்பெனியில் முடிவு செய்துவிட்டார்கள். முன்பெல்லாம் குடிதண்ணீர்த் தொட்டியை முழுக்க வடித்துவிட்டு நாங்கள் உள்ளே இறங்குவோம். அடியில் படிந்த சேற்றை வாளியில் அள்ளி மேலே அனுப்புவோம். இப்போது தண்ணீர் நிற்கும்போதே முங்கிப்போய், உறிஞ்சுகுழாயால் சேற்றை எடுக்க வேண்டுமாம். முங்கத் தெரிந்தவனுக்கு வேலை உண்டு, தெரியாதவன் வீட்டுக்குப் போகலாம். சூப்பர்வைசர் இதைச் சொல்லிவிட்டு, "உங்க நல்லதுக்குத்தான்" என்றார். எதைச் சொன்னாலும் இந்த வாலை ஒட்டித்தான் சொல்வார்.

ஆக, இடுப்பு வலியும் நரைத்த தலையுமாக ஆறு பேர் ஒரு நீச்சல் குளத்தின் ஓரத்தில் போய் நின்றோம். மருந்து வாடை மூக்கைப் பிடுங்கியது. ரப்பர் உடுப்பை மாட்டுவதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது. வத்தல் என்று நாங்கள் கூப்பிடும் ஒல்லிக்காரனுக்கு மட்டும் அது தொளதொளவென்று தொங்கியது. முங்குவதற்காக இடுப்பில் ஈயக்கட்டி கோத்த பெல்ட் கட்டினார்கள். "காத்தடிச்சா பறக்கறவன்டா நீ, உனக்கு ரெண்டு பெல்ட் வேணும்" என்று அவனைச் சீண்டினோம். சிரித்ததெல்லாம் அதோடு சரி.

சொல்லிக்கொடுக்க வந்தது ஓர் இளம்பெண். டீச்சர் என்றோம், அவரும் மறுக்கவில்லை.

"தண்ணிக்குள்ள யாரும் தனியா போகக் கூடாது. ஜோடி ஜோடியாத்தான். உங்க ஜோடியோட உயிரு உங்க கையில, உங்க உயிரு அவர் கையில" என்று சொல்லி, உயரம் பார்த்து ஆளைப் பிரித்தார். எனக்கு வந்து வாய்த்தவன் என் மச்சினன்.

"டீச்சர், இதுங்க ரெண்டையும் ஒரே குளத்துல விட்டா தண்ணி கொதிச்சிடும்" என்றான் வத்தல். டீச்சருக்குப் புரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவன் என் வீட்டுக்காரியின் தம்பி. இந்த வேலைக்கு அவனைக் கூட்டி வந்ததே நான்தான். ஒரு சமயம், வடித்த தொட்டிக்குள் நான் புதுப் பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். என் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை மூடிக்குப் பக்கத்தில் நின்று அவன் பிடித்திருந்தான். பூச்சு வாடை தலைக்கேறினால் கயிற்றை இழுக்க வேண்டும், மேலே இருப்பவன் என்னைத் தூக்கிவிட வேண்டும். அன்றைக்குத் தலை சுற்றியது. இழுத்தேன். இழுக்க இழுக்கக் கயிறு முழுவதும் மேலிருந்து என் மேலேயே வந்து விழுந்தது. பிடித்திருக்க அங்கே ஆளில்லை. வழியை மறித்து நின்ற எங்கள் வண்டியை எடுக்கச் சொல்லி யாரோ சத்தம் போட, சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். இவனும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். நான் ஆஸ்பத்திரியில் கண்ணைத் திறந்தேன். அதன் பிறகு என் குரல் இந்தக் கரகரப்பை விடவில்லை.

அவனோடு நான் பேச்சை நிறுத்தினேன். அவனும் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் இல்லாத நேரமாகப் பார்த்து அக்காளிடம் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவான். நான் வரும்போது கழுவிக் கவிழ்த்த தட்டு மட்டும் ஈரமாக இருக்கும்.

அவனோடு ஜோடி போட்டதை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தண்ணிக்குள்ள எப்படியும் பேச முடியாது. உங்க ரெண்டு பேருக்கும் அதான் தோதான இடம்" என்றாள்.

முதலில் வந்த பாடங்கள் எனக்குக் கஷ்டமில்லை. முதுகில் கட்டிய சிலிண்டரிலிருந்து காற்று வரும் கருவியைப் பல்லில் கடித்துக்கொண்டு வாயால் மூச்சு விட வேண்டும். டீச்சர் அதற்கு ரெகுலேட்டர் என்று பேர் சொன்னார், நாங்கள் வாய்ப்பூட்டு என்றோம். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால், மேல் விளிம்பை அழுத்திக்கொண்டு மூக்கால் ஊதினால் வெளியே போய்விடும். எந்தக் காரணத்துக்காகவும் மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது. இதை டீச்சர் சொல்லிச் சொல்லி எங்கள் காதே தேய்ந்துவிட்டது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் காட்டினால் 'நல்லா இருக்கியா' என்று கேள்வி. அதே வட்டத்தைத் திருப்பிக் காட்டினால் பதில். நானும் மச்சினனும் அடியில் முட்டிபோட்டு உட்கார்ந்து வட்டம் காட்டிக்கொண்டோம். அவ்வளவு காலத்துக்குப் பிறகு நாங்கள் விசாரித்துக்கொண்ட நலம் அதுதான்.

அதன் பிறகு வந்ததுதான் காற்றுப் பங்கு போடும் பாடம். ஒருவனுக்குக் காற்று தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவன் கையைக் கழுத்துக்குக் குறுக்கே வெட்டுவது போலக் காட்டி, வாயில் இருப்பதை எடுத்துவிட வேண்டும். ஜோடிக்காரன் தன்னிடம் இருக்கும் இரண்டாவது வாய்ப்பூட்டை, மஞ்சள் குழாயில் தொங்குவதை, நீட்ட வேண்டும். வாங்கி வாயில் வைத்து, முதலில் ஊதித் தண்ணீரைத் தள்ளிவிட்டு, பிறகு இழுக்க வேண்டும்.

முதலில் அவன் கழுத்தை வெட்டிக் காட்டினான். நான் நீட்டினேன், அவன் வாங்கினான். அடுத்தது என் முறை. கழுத்தைக் காட்டி வாயில் இருந்ததை எடுத்தேன். அவன் உடனே நீட்டினான். தாமதமில்லை, தலைகீழாகவும் இல்லை, சரியாக என் வாய்க்கு நேராகத்தான் நீட்டினான். நான் அந்தக் கையைப் பார்த்தேன். என் கை போகவில்லை. தரையை உதைத்து மேலே வந்துவிட்டேன்.

மறுபடி இறங்கினோம். இந்தத் தடவை என் வாய்ப்பூட்டையே தடவி எடுத்துக் கடித்துக்கொண்டேன். அதற்கு அடுத்த தடவை திரும்பவும் மேலே வந்தேன்.

"அவர் சரியாத்தானே குடுக்கறார்? நீங்க ஏன் வாங்க மாட்டேங்கறீங்க?" என்றார் டீச்சர்.

அவர் சந்தேகப்பட்டு வத்தலை என்னோடு விட்டுப் பார்த்தார். வத்தல் நீட்டினான். குழந்தை பால் குடிக்கிற மாதிரி வாங்கிக் குடித்தேன். அதிலேயே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"உங்களுக்குள்ள என்ன சண்டைன்னு நான் கேக்கல. ஆனா பிடிச்ச ஆளுகிட்டதான் காத்து வாங்குவேன்னா, உங்கள நான் பாஸ் பண்ண முடியாது. நாளைக்குக் கடைசி நாள். நாளைக்கும் நீங்க வாங்கலேன்னா அவரும் ஜோடி இல்லாம நிப்பார். ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

மறுநாள் காலை உடை மாற்றும் அறையில் அவனும் நானும் மட்டும் இருந்தோம். சுவர் முழுக்க வெள்ளை ஓடு, காலுக்கடியில் வழுக்கல். அவன் எனக்கு முதுகைக் காட்டியபடி ரப்பர் உடுப்பின் ஜிப்போடு போராடிக்கொண்டிருந்தான். அப்படியே பேசினான்.

"மாமா, இன்னைக்கு வாங்கிக்குங்க. அப்புறம் காலத்துக்கும் என்கூட பேச வேணாம்."

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "அன்னைக்கு ஏன்டா கயிற விட்டே?"

"கூப்பிட்டாரு. போனேன்."

"நான் உள்ள இருந்தேன்டா."

"இருக்கீங்கன்னு சொன்னேன். 'ஒரு நிமிஷம்டா, அதுக்குள்ள செத்துடுவானா'ன்னாரு. போகலேன்னா எனக்கு மறுநாள் வேலை இல்ல. நீங்களா இருந்தா போயிருக்க மாட்டீங்களா?"

"போயிருக்க மாட்டேன்."

இப்போதுதான் திரும்பினான். "என்மேல கோபம் சரி மாமா. கயிற விட்டவன் நான், திட்டுங்க. விடச் சொன்னவருக்கு மட்டும் ஏன் தினமும் காலையில எழுந்து நின்னு குட்மார்னிங் சொல்றீங்க? ஒரு நாளாவது அவர்கிட்ட கேட்டிருக்கீங்களா?"

அவன் ஜிப்பை இழுத்து மேலே ஏற்றிவிட்டு, ஈயப் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான்.

சோதனை பார்க்க சூப்பர்வைசரே வந்திருந்தார். குளத்து விளிம்பில் நாற்காலி போட்டு, பேன்ட் நனையாமல் இருக்க முழங்கால்வரை சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது என் கை தானாக நெற்றிக்குப் போய் அவருக்கு ஒரு சலாம் வைத்தது. வைத்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. மச்சினன் அதைப் பார்த்தான்.

அடியில் முட்டிபோட்டோம். கழுத்தைக் காட்டினேன். வாயில் இருந்ததை எடுத்தேன். அவன் நீட்டினான். அதே கைதான். வாங்கினேன், கடித்தேன், ஊதினேன், இழுத்தேன். ரப்பர் ருசியோடு காற்று வந்தது. அவன் என் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டான், நான் அவனுடையதைப் பிடித்தேன், டீச்சர் சொன்னபடி மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே மேலே வந்தோம். முகமூடிக்குள் அவன் கண் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் பாஸ்" என்றார் டீச்சர்.

சூப்பர்வைசர் எழுந்து வந்து குனிந்தார். "சபாஷ். அடுத்த வாரம் பெரிய தொட்டி. நீங்க ரெண்டு பேரும்தான் முதல்ல இறங்கறீங்க."

"மேல யாரு சார் நிப்பாங்க?" என்று கேட்டேன்.

"மேல எதுக்கு தனியா ஒரு ஆளு? அதான் ஒருத்தருக்கொருத்தர் காத்து குடுத்துக்கறீங்களே. மூடிகிட்ட நிக்கறவன் சும்மாதானே நிக்கறான். அவனுக்கு வேற வேலை இருக்கு."

"சார், மேல ஆள் கண்டிப்பா இருக்கணும்" என்றார் டீச்சர்.

"இருப்பாங்க மேடம், இருப்பாங்க. நீங்க கவலைப்படாதீங்க" என்று அவரிடம் சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னப்பா, சரிதானே?"

கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். மச்சினன் என் பக்கத்திலேயே நின்றான். கேட்க வேண்டியது எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. தொட்டிக்குள் நான் கிடந்தது, என் மேல் வந்து விழுந்த கயிறு, 'அதுக்குள்ள செத்துடுவானா' என்று இவர் சொன்னது. இந்த வயதில் வேறு எவன் எனக்கு வேலை தருவான் என்பதும் கூடவே வந்தது.

"சரி சார்" என்றேன்.

அவர் போய்விட்டார். மச்சினன் ஏணியில் ஏறி, என் முதுகிலிருந்து சிலிண்டரைக் கழற்ற மேலிருந்து கையை நீட்டினான்.

"வாங்க மாமா, வண்டில ஏத்தணும்" என்றான்.

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். உடம்பு சரியில்லாதவனிடம் பேசுவது போல, அவ்வளவு மெதுவாகச் சொன்னான்.